பைபாஸில் இறங்கும் அந்த முள்

ஆட்டோமேட்டிக் வண்டி என்றாலே பெட்ரோல் குடிக்கும் என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். டார்க் கன்வர்ட்டர் வைத்த வண்டியைப் பொறுத்தவரை, வேலூர் கிரீன் சர்க்கிள் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அவர்கள் சொல்வது உண்மைதான். அதே வண்டி பள்ளிகொண்டா டோல் தாண்டி ஆம்பூர் பக்கம் எண்பதில் போகும்போது கதை வேறு. உள்ளே ஒரு பிளேட் போய் ஒட்டிக்கொண்டிருக்கும். அதுதான் லாக்கப்.

மேனுவல் வண்டியில் எஞ்சினையும் கியர் பாக்ஸையும் கிளட்ச் சேர்க்கிறது. ஆட்டோமேட்டிக்கில் அந்த இடத்தில் ஆயில் நிரம்பிய ஒரு மூடிய இரும்புக் கூடு, அதுதான் டார்க் கன்வர்ட்டர். எஞ்சினோடு சுற்றும் இம்பெல்லர் ஆயிலை வீசியடிக்க, எதிரே இருக்கும் டர்பைன் அந்த அடியை வாங்கிக்கொண்டு கியர் பாக்ஸ் ஷாஃப்ட்டைச் சுற்றுகிறது. நடுவில் இருக்கும் ஸ்டேட்டர், திரும்பி வரும் ஆயிலை இம்பெல்லர் சுற்றும் திசைக்கே திருப்பிவிடுகிறது. கிளம்பும் நேரத்தில் இழுவை ஏறக்குறைய இரண்டு மடங்காவது இதனால்தான். ஏலகிரி கொண்டை ஊசி வளைவில் முன்னால் பஸ் நின்று, நாமும் நின்று, மறுபடி ஏறும்போது கிளட்சோடு மல்லுக்கட்டாமல் வண்டி நைசாக ஏறுகிறதே, அந்த சுகமெல்லாம் இதன் உபயம்.

சிக்கல் சமமான ரோட்டில். ஆயில் வழியாகத் தள்ளும்வரை டர்பைன் இம்பெல்லரின் வேகத்தை முழுசாக எட்டாது, சில சதவீதம் பின்தங்கியே சுற்றும். அந்த வித்தியாசம் ஆயிலைச் சூடாக்குவதில் போகிறது. வேலூர் மே மாதத்தில் காசு கொடுத்து சூடு வாங்க வேண்டுமா என்ன!

அதனால்தான் டர்பைனோடு சேர்ந்து சுற்றும்படி ஒரு கிளட்ச் பிளேட்டையும் உள்ளேயே வைத்தார்கள். கூட்டின் முன்மூடி எஞ்சினோடு போல்ட் போட்டது. பிளேட்டுக்கும் மூடிக்கும் இடையே உள்ள ஆயில் அழுத்தத்தை இறக்கிவிட்டால், பின்பக்க அழுத்தம் பிளேட்டை மூடியோடு வைத்து அமுக்கிவிடும். அப்புறம் இரண்டும் ஒரே வேகம், நழுவல் இல்லை. எஞ்சின் அதிர்வு நமக்குத் தெரியாமலிருக்க, மேனுவல் கிளட்ச் பிளேட்டில் இருப்பது மாதிரியே இதிலும் வட்டமாக ஸ்பிரிங்குகள். எப்போது ஒட்ட வேண்டும் என்பதை கம்ப்யூட்டர் முடிவு செய்து, ஒரு சோலனாய்டு (மின்சாரத்தில் இயங்கும் வால்வு) வழியாகச் செய்கிறது. ஆயில் சூடேறாமல் இருந்தால் ஒட்டாது, பிரேக்கில் கால் வைத்தால் விட்டுவிடும். புது விஷயமும் இல்லை. 1949-லேயே பேக்கார்டின் அல்ட்ராமேட்டிக்கில் இருந்தது, எரிபொருள் விலை எகிறிய பிறகு 1978-ல் கிரைஸ்லர் கையிலெடுத்தது, அதன்பின் மற்றவர்களும்.

லாக்கப் ஒட்டுவதைப் பார்க்க வேண்டுமென்றால், எஞ்சின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்.பி.எம். முள்ளைக் கவனியுங்கள். ஒரே வேகத்தில், கியர் மாறாமலே, முள் மட்டும் இருநூறு முந்நூறு இறங்கும். கூடுதலாக ஒரு கியர் விழுந்த மாதிரி இருக்கும், பலர் அப்படித்தான் நினைத்துக்கொள்கிறார்கள். இப்போது வரும் வண்டிகளில் குறைந்த வேகத்திலேயே ஒட்டிவிடுவதால் இவ்வளவு தெளிவாகத் தெரியாது.

இதில் வரும் பெரிய தொல்லை உதறல். ஐம்பது, அறுபதில் லேசாக மிதித்துப் போகும்போது, ரோட்டில் வரிவரியாகப் பட்டை போட்டிருப்பார்களே, அதன்மேல் ஏறினாற்போல இரண்டு விநாடி கடகடவென்று ஆடும். என் மாமா வண்டிக்கு இது வந்தபோது ஓர் இடத்தில் கியர் பாக்ஸையே மாற்றச் சொல்லி, கேட்டாலே மயக்கம் வரும் தொகையை எழுதிக் கொடுத்தார்கள். சத்துவாச்சாரியில் எங்களுக்குத் தெரிந்த மெக்கானிக் ஓட்டிப் பார்த்துவிட்டு, "சார், மொதல்ல ஆயில மாத்திப் பாப்போம்" என்றார். சிவப்பாக இருக்க வேண்டிய ஆயில், டிரேயில் டிகாக்‌ஷன் நிறத்தில் இறங்கியது. கம்பெனி சொன்ன அதே கிரேடை ஊற்றியதும் உதறல் நின்றுவிட்டது. எல்லா வண்டிக்கும் இப்படி நிற்கும் என்று சொல்ல மாட்டேன், லாக்கப் பிளேட்டின் உராய்வுப் பட்டை தேய்ந்திருந்தால் கன்வர்ட்டரைக் கழற்றத்தான் வேண்டும். ஆனால் 'லைஃப்டைம் ஆயில்' என்ற பேச்சை நம்பி ஒரு லட்சம் கிலோமீட்டர் தொடாமல் ஓட்டுவது நம்ம ஊர் வெயிலுக்கு ஆகாது.

லாக்கப் விடாமல் சிக்கிக்கொண்டால் இதற்கு நேரெதிர்: சிக்னலில் நிறுத்தும்போது, கிளட்ச் மிதிக்க மறந்த மேனுவல் வண்டி போல எஞ்சின் குலுங்கி அணைந்துவிடும். ஏ.எம்.டி. (மேனுவல் கியர் பாக்ஸையே தானாக மாற்றிக்கொள்ளும்) வண்டி வைத்திருப்பவர்கள் இதையெல்லாம் தேட வேண்டாம், அதில் கன்வர்ட்டரே கிடையாது.