ஆறாவது வாக்குறுதி

பாம்பனில் வலை உலர்த்திக்கொண்டிருந்தேன். மச்சான் வந்தார். "எல்லா சபை ஆம்பளைகளும் சேர்ந்து ஜெபிக்கிறோம், வாங்க மாப்ளே." அவர் கத்தோலிக்கர், நான் பாப்டிஸ்ட்; விசுவாசித்தபின் தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுக்கிற சபை.

பிராமிஸ் கீப்பர்ஸ்தான் ஞாபகம் வந்தது. 1990-இல் அமெரிக்காவில் 'அமெரிக்கன் ஃபுட்பால்' பயிற்சியாளர் பில் மெக்கார்ட்னி தொடங்கிய கிறிஸ்தவ ஆண்கள் இயக்கம். அதன் 7 வாக்குறுதிகளில் ஆறாவது, இனம், சபைப்பிரிவு என்ற இரண்டு வேலிகளையும் தாண்டச் சொல்கிறது. இன வேலி போனால் நல்லதுதான். பாப்டிஸ்டுகள் பலர் முரண்டு பிடித்தது மற்றதில்: குழந்தைக்கு ஞானஸ்நானமா, விசுவாசித்தபின் முழுக்கா என்பது வெறும் வேலியா? ஆண்களை வழிநடத்துவது உள்ளூர் சபையின் வேலையல்லவா?

எனக்கும் அதே உறுத்தல். பதினேழு வயதில் இதே கடலில், மூக்கில் உப்புத்தண்ணி ஏற முழுக்கு எடுத்தவன் நான். அதைச் சின்ன விஷயம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஜெபத்துக்கு வரல மச்சான், அப்புறம் சாப்பாட்டுக்கு வர்றேன்" என்றேன். சிரித்துவிட்டார். நண்டுக் குழம்பாம்.