எழுத்து தெரியும், வாசிக்கத் தெரியாது

சுவரில் மாட்டிய எழுத்து அட்டவணையை ‘க, கா, கி, கீ’ என்று ராகம் போட்டுச் சொல்லி முடிக்கிற குழந்தை, பலகையில் ‘பட்டம்’ என்று எழுதினால் திணறி நிற்கும். ஒன்றாம், இரண்டாம் வகுப்பு எடுக்கிற எல்லாருக்கும் பழகிப்போன காட்சி. ‘எழுத்தெல்லாம் தெரியுது டீச்சர், சேர்த்துப் படிக்கத்தான் வரல’ என்பார்கள் பெற்றோர். ஆனால் அட்டவணையை ஒப்பிக்க எழுத்தைப் பார்க்கவே வேண்டியதில்லை. வரிசையைக் குலைத்து ‘மீ’யை மட்டும் காட்டிக் கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் ம, மா, மி என்று அடியிலிருந்து ஏறி வந்துதான் ‘மீ’ என்பார்கள். அப்படி ஏறி வருகிற குழந்தைக்கு அந்த எழுத்து இன்னும் தெரியாது என்றே குறித்துக்கொள்ள வேண்டும்.

சேர்த்துப் படிக்க வராததற்குப் பெரும்பாலும் நாமே காரணம். மெய்யெழுத்தை இக், இட், இம் என்று பெயர் சொல்லிப் பழக்குகிறோம். குழந்தை அதை நம்பி ‘ப, இட், ட, இம்’ என்று கூட்டுகிறது. இந்த நான்கு ஒலியை எத்தனை முறை வேகமாகச் சொன்னாலும் பட்டம் வராது. புள்ளி வைத்த எழுத்தைத் தனியாக உச்சரிக்க விடாமல், அதற்கு முந்தைய எழுத்தோடு ஒட்டியே சொல்ல வைக்க வேண்டும்: பட், டம். பலகையில் ‘பட்’டுக்கு அடியில் ஒரு வளைகோடு, ‘டம்’முக்கு அடியில் இன்னொன்று. ஒரு வளைவுக்கு ஒரு மூச்சு. இரண்டு வாரம் இப்படிப் போட்டுவிட்டுப் பிறகு கோட்டை எடுத்துவிடலாம். ‘படம்’, ‘பட்டம்’ வேறுபாட்டைக் கைதட்டிப் புரியவைக்கப் பார்ப்பது பலன் தராது, ஏனென்றால் இரண்டுக்கும் இரண்டு தட்டுதான். ‘பட்’டில் நாக்கு மேலே ஒட்டி ஒரு கணம் நிற்பதை உணர்ந்து சொல்லச் சொன்னால் பிடிபடும்.

எந்த எழுத்தை முதலில் கற்பிப்பது என்பதில் பிடிவாதம் தேவையில்லை. ஆனால் மூன்று நான்கு எழுத்து முடிந்ததுமே சொல் கிடைக்க வேண்டும். ட, ப, ம என்று தொடங்கினால் அந்த மூன்றையும் புள்ளியையும் வைத்தே படம், மடம், பட்டம், மட்டம் வந்துவிடும். க சேர்த்தால் பக்கம், கட்டம். ல சேர்த்தால் கல், பல், கடல், பகல். துணைக்கால் ஒன்று வந்ததும் பாடம், மாடம், கால், பால். ஐந்து எழுத்தும் ஒரு காலும் வைத்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு சொல்லை ஒரு குழந்தை தானாக வாசிக்கும். 247ஐயும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்குப் போவேன் என்று காத்திருந்தால், முடிவதற்குள் பாதிப் பேருக்கு வாசிப்பின் மேலிருந்த ஆசையே போய்விடும்.

அடுத்த பெரிய முடிச்சு கொம்பு. ‘கோழி’ என்ற சொல்லின் மேல் விரல் வைத்த குழந்தை எங்கே தட்டுகிறது என்று உற்றுப் பாருங்கள். இடமிருந்து வலமாகப் போ என்று நாம்தான் சொல்லியிருக்கிறோம். முதலில் இரட்டைக்கொம்பு, அடுத்து க. ‘கே’ என்று சொல்லிவிடுகிறது. அதன் பிறகுதான் விரல் காலில் முட்டுகிறது. சொன்னதை மாற்றத் தெரியாமல் ‘கே...ர...ழி’ என்று காலை ரகரமாக்கிக்கொண்டு போகும். குழந்தை கவனமாகத்தான் படிக்கிறது, விதி காலை வாரிவிடுகிறது. இதற்குத் தனியாக ஒரு விதி சொல்லித்தர வேண்டும்: கொம்பைப் பார்த்தால் வாயைத் திறக்காதே, அடுத்த எழுத்தைப் பார், அதற்குப் பின்னால் கால் இருக்கிறதா பார், பிறகு சொல். பழைய அழைப்பிதழ் அட்டையில் 3 செ.மீ. அகலம், 1 செ.மீ. உயரத்துக்கு ஒரு சன்னல் வெட்டி, கொம்பும் எழுத்தும் காலும் சேர்ந்தே தெரிகிறபடி சொல்லின் மேல் நகர்த்தினால் கண் பழகும். பாடப்புத்தக எழுத்தின் அளவு பார்த்துச் சன்னலைக் கூட்டிக் குறைக்கலாம். கொம்பை வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதுவதும் நல்லதே. ஆனால் பத்து நாளுக்கு மேல் நீட்டினால் வண்ணம் இல்லாத எழுத்தைக் குழந்தை கண்டுகொள்ளாது.

ஆசிரியரின் கையெழுத்தும் இங்கே கணக்கில் வரும். ரகரத்தின் கீழே இழுக்கும் சாய்கோட்டை அவசரத்தில் விட்டுவிட்டால் காலும் ரகரமும் ஒன்றாகிவிடும். ‘கார்’ என்று எழுதினால் இரண்டு கால் நிற்கும். எ, ஏ வேறுபாட்டைக் கொம்பில் காட்டும் வழக்கம் வீரமாமுனிவர் காலத்தில் வந்தது. அதற்கு முன் ஓலையில் புள்ளிகூட வைக்காமல் எழுதியதை, மொழி தெரிந்தவர்கள் இடம் பார்த்து வாசித்துக்கொண்டார்கள். வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு அந்த வசதி கிடையாது. பலகையில் விடுபட்ட ஒரு சுழி அதற்கு வேறு எழுத்து.

உகர வரிசைக்குக் குறுக்கு வழி இல்லை, ஆனால் மூன்று கூட்டமாகப் பிரித்தால் பாரம் குறையும். சு, பு, யு, வு, ஙு கீழே நேராக இறங்குபவை. து, நு, லு, று, ணு, னு, ஞு வலப்பக்கம் கால் வாங்குபவை. கு, டு, மு, ரு, ழு, ளு வளைந்து சுற்றுபவை. அட்டவணை வரிசையில் 18ஐயும் ஒரே வாரத்தில் திணித்தால் லு, று இரண்டும் கடைசிவரை குழம்பும். ஒரு வாரத்துக்கு ஒரு கூட்டம் போதும். ஔகாரம் கடைசியில் வரட்டும். வௌவால், பௌர்ணமி தவிர அந்த வயதில் அதற்கு வேலையே இல்லை.

இதையெல்லாம்விட ஒரு பழக்கம் முக்கியம் என்று தோன்றுகிறது: ஒவ்வொரு குழந்தையும் தனியாக வாசிப்பதைக் கேட்பது. வகுப்பே சேர்ந்து வாசிக்கும்போது நாலு பேர் வாசிப்பார்கள், மீதிப் பேர் வால் பிடிப்பார்கள். பாடத்தை மனப்பாடம் செய்துவிட்ட குழந்தை சரியான இடத்தில் பக்கம்கூடத் திருப்பும். கடைசி வரியிலிருந்து மேலே வாசிக்கச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். 30 பேர் வகுப்பில் தினம் 6 பேர், ஆளுக்கு 2 நிமிடம், மொத்தம் 12 நிமிடம். ஐந்து நாளில் வகுப்பு முழுக்க ஒரு சுற்று வந்துவிடும். குழந்தை தவறாகச் சொன்னதை, சொன்னபடியே ஒரு நோட்டில் தேதியோடு எழுதிக்கொள்ளுங்கள். மூன்று சுற்று முடிந்ததும் அந்த நோட்டே பேசும்: ஒருவன் ஒற்றெழுத்தை விழுங்குகிறான், ஒருத்தி குறில் நெடில் பார்ப்பதில்லை, இன்னொருவன் முதல் எழுத்தையும் படத்தையும் வைத்து ஊகிக்கிறான். மூவருக்கும் ‘இன்னும் நல்லாப் படி’ என்ற ஒரே அறிவுரையால் ஒரு பயனும் இல்லை.

அந்த 12 நிமிடமும் மற்றவர்கள் இருவர் இருவராக வாசிக்கலாம். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை முறைதான். எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் முறையை 1797இல் லண்டனில் நூலாக வெளியிட, ‘மெட்ராஸ் முறை’ என்றே அது பரவியது. சிக்கல், நன்றாக வாசிக்கிறவன் பொறுக்காமல் சொல்லைச் சொல்லிவிடுவான். விரல் விட்டு ஐந்து எண்ணிய பிறகுதான் உதவ வேண்டும் என்று விளையாட்டு விதிபோல் வைத்துவிட்டால் கட்டுப்படுவான்.

‘இலை’யை ‘எலை’ என்றும், ‘உடம்பு’ என்பதை ‘ஒடம்பு’ என்றும் வாசிக்கிற குழந்தையைத் திருத்த அவசரப்படாதீர்கள். எழுத்தைப் பார்த்து, பொருளைப் பிடித்து, வீட்டு மொழியில் சொல்லியிருக்கிறது. அது வாசிப்புதான். ‘தம்பி’யில் பகரத்தை அழுத்தி உச்சரிக்கிற குழந்தைக்கும் வல்லின விதி எதுவும் வேண்டாம். ‘இப்போ நாம பேசுற மாதிரி சொல்லு’ என்றால் போதும், தானே திரும்பிவிடும். இந்த இரண்டாவது படியைத் தவிர்க்கிற வகுப்பில்தான் பிள்ளைகள் எழுத்தைக் கூட்டிக்கொண்டே இருந்து பொருளைத் தொடாமல் போகிறார்கள்.

புரிந்ததா என்று பார்க்கக் கேட்கும் கேள்விகளிலும் இதே ஓட்டை உண்டு. பொருளே இல்லாத சொற்களை வைத்து, ‘பிலா மணியில் துருத்தது. பிலா எங்கே துருத்தது?’ என்று கேட்டால் எவரும் ‘மணியில்’ என்பார்கள். வரியிலிருந்து சொல்லைப் பெயர்த்துத் தரும் பதில் வாசிப்புக்குச் சான்று ஆகாது. ‘அவன் ஏன் குடையை எடுத்தான்?’ என்று, மழை என்ற சொல்லே வராத பத்தியில் கேட்க வேண்டும்.

வேகத்துக்கும் ஒரு சொல். 2021இல் வந்த நிபுண் பாரத் என்ற ஒன்றிய அரசின் அடிப்படை வாசிப்புத் திட்டம் மூன்றாம் வகுப்பு முடிவில் நிமிடத்துக்கு 60 சொல் என்கிறது. ‘பார்த்துக்கொண்டிருந்தான்’ தமிழில் ஒரு சொல், எழுத்தோ 12. அதனால் கடிகாரத்தைவிடத் தயக்கம் எந்த எழுத்தில் வருகிறது என்பதைக் கவனிப்பது மேல்.

தமிழ்நாடு அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் 2022இல் கொண்டுவந்த, குழந்தையின் கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும் முறை நல்ல ஏற்பாடு. ஆனால் ஜூனில் அரும்பில் உட்கார்ந்த குழந்தை மார்ச்சிலும் அங்கேயே இருந்தால், அது அந்தக் குழந்தையின் பெயராகிவிடும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை நோட்டைப் பார்த்து இடம் மாற்ற வேண்டும். ஐந்தாம் வகுப்பில் வாசிக்கத் திணறுகிற பையனிடம் ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை நீட்டினால் கூச்சத்தில் மூடிவைத்துவிடுவான். பேருந்துப் பலகை, ரேஷன் கடை அறிவிப்பு, கிரிக்கெட் அணியின் பெயர்ப் பட்டியல் கொண்டு வாருங்கள். ‘தாம்பரம்’ என்பதில் காலும் ஒற்றும் இருக்கின்றன, ‘கோயம்பேடு’ என்பதில் கொம்பு இரண்டு இடத்தில் வருகிறது. அவனுக்குத் தெரிந்த ஊர்கள்தாம், அவமானம் இல்லாமல் விரல் வைப்பான்.