பித்தளையை ஆர் மினுக்கிறது?

வீட்டில் ஒரு ஒபிஸ் அறை செய்து தரவேண்டும் என்று யாராவது கூப்பிட்டால், அறையின் நீள அகலம் கேட்பதற்கு முன்பே நான் கேட்கிற கேள்வி ஒன்று இருக்கிறது. "பித்தளையை ஆர் மினுக்கிறது?" கேட்டதும் சிரிப்பார்கள். பிறகு பெரும்பாலும் ஒரே பதில்தான்: "அம்மா நிக்கிறாதானே அக்கா." அந்தப் பதில் வந்தால் பட்டியலில் பாதியை மனதுக்குள் அப்போதே வெட்டிவிடுவேன்.

இந்த வேலைக்கு யாழ்ப்பாணத்தில் முன்பு இவ்வளவு தேவை இருக்கவில்லை. வீடு கட்டுகிறவர்கள் சாமி அறையை யோசிப்பார்கள், விறாந்தையை யோசிப்பார்கள், குசினி எந்த மூலையில் வரவேண்டும் என்று சாத்திரம் பார்ப்பார்கள். உத்தியோகத்துக்கென்று வீட்டுக்குள் ஒரு அறை வேண்டும் என்று யாரும் நினைத்ததில்லை. 2020 மார்ச்சில் நாடு முழுக்க ஊரடங்கு வந்தது. கொழும்புக் கொம்பனிகளில் வேலை செய்த பிள்ளைகள் லப்டொப்போடு ஊருக்கு வந்து சாப்பாட்டு மேசையில் குந்தினார்கள். பலர் திரும்பிப் போகவில்லை. கொழும்பில் கொடுக்கிற வாடகைக் காசுக்கு இங்கே ஓர் அறையை ஒழுங்காகச் செய்துவிடலாம் என்று கணக்குப் பார்த்தார்கள். எனக்கு இந்த வேலை வரத் தொடங்கியது அப்படித்தான்.

வருகிறவர்களின் போனில் எப்போதும் ஒரு படம் இருக்கும். கரும்பச்சைச் சுவர், கறுத்த மரமேசை, பொன்னிறத்தில் மேசை விளக்கு, செம்பு நிறத்தில் ஒரு பூச்சாடி. 'வார்ம் மெட்டாலிக்' என்பார்கள். படம் வடிவுதான், நான் குறை சொல்லமாட்டேன். வெள்ளைச் சுவரும் அலுமினிய ஜன்னலும் வெளிறிய ரைல்ஸ் தரையுமாக இருக்கிற இன்றைய அறைகளுக்கு ஏதாவது ஒரு சூடான நிறம் தேவைதான். எனக்குச் சிரிப்பு வருவது வேறு காரணத்துக்கு. படத்தில் இருப்பதை வாங்க ஒன்லைனில் தேடிக்கொண்டிருப்பார்கள். அதே வீட்டுக் களஞ்சிய அறையில் சாக்குக்குக் கீழே மூக்கு வைத்த குவளையான மூக்குப்பேணி, தாம்பாளம், வெத்திலைத் தட்டம், செம்பு, கைவிளக்கு எல்லாம் கறுத்துப்போய்க் கிடக்கும்.

கடையில் பொன்னிறமாக இருப்பதெல்லாம் பித்தளை இல்லை. நான் பையில் ஒரு சின்னக் காந்தம் வைத்திருக்கிறேன். ஒட்டினால் அது இரும்பு, மேலே பூச்சு மட்டும்தான். ஒட்டாவிட்டாலும் உடனே நம்பக்கூடாது. அடிப்பக்கத்தில் நகத்தளவு சுரண்டிப் பார்க்கவேண்டும். உள்ளே மஞ்சள் தெரிந்தால் சரி. வெள்ளையாகத் தெரிந்தால் அது மலிவான நாகக் கலவை. பூச்சுப் போட்ட இரும்பை எங்கள் கரையோர வீடுகளில் வைப்பது வீண். குருநகரில் ஒரு வீட்டுக்காரர் ஆசைப்பட்டு வாங்கிய விளக்குத் தண்டு, ஒரு சோளகக் காலம், அதாவது தென்மேற்குக் காற்று வீசுகிற காலம், முடிவதற்குள் பூச்சுக்குக் கீழே பொருக்குப் பொருக்காகத் துருப்பிடித்து வந்தது. துருப்பிடித்த பூச்சை மினுக்க முடியாது, உரிந்துதான் போகும்.

உண்மையான பித்தளையும் கறுக்கும், அது வேறு கதை. செம்போடு நாகம் சேர்ந்தால் பித்தளை, வெள்ளீயம் சேர்ந்தால் வெண்கலம். இரண்டிலும் பெரும்பங்கு செம்புதான். காற்றில் இருக்கிற ஈரமும் கந்தகமும் கடல் உப்பும் செம்போடு சேர்ந்து மேலே மண்ணிறத் தோல் ஒன்றைப் போடும். கவனிக்காமல் விட்டால் மூலைமுடுக்கில் பச்சைக் களிம்பு பிடிக்கும். ஆனால் அந்தத் தோல் மெல்லியது. தேய்த்தால் கீழே பழைய மஞ்சள் அப்படியே இருக்கும். நூறு வருடத்துச் செம்பையும் புதுச்செம்பு ஆக்கலாம். அதற்கு ஒரு ஆள் வேண்டும். என் கேள்வி அங்கேதான் வந்து நிற்கிறது.

கோண்டாவிலில் ஒரு வீட்டில் அந்த ஆள் வேலை செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். மகன் சொவ்ற்வெயார் எஞ்சினியர். அறைக்கு என்னென்ன வேண்டும் என்று எனக்கு வட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பிக்கொண்டிருந்தார். தாயார் கிணற்றடியில் குந்தியிருந்தா. சமையலுக்கு ஆகாத பழைய கறுத்தப் பழப்புளியை உப்போடு பிசைந்து, தேங்காய்ப் பொச்சில் எடுத்துத் தாம்பாளத்தின் விளிம்பில் இருந்து தொடங்கினா. முதலில் ஒன்றும் நடக்காத மாதிரி இருந்தது. பிறகு கரைசல் கறுத்து, ஓரத்தில் பச்சை கலங்கி, விளிம்பில் ஒரு மஞ்சள் கீற்று எட்டிப் பார்த்தது. புளியில் இருக்கிற தார்த்தாரிக் அமிலம் அந்தத் தோலைக் கரைக்கிறது. கனநேரம் ஊறவிட்டால் நாகமும் கழன்று, பித்தளையில் அங்கங்கே ரோசா நிறத்தில் திட்டு விழும். அந்த அம்மாவுக்கு இது தெரியும். "ஊற வைக்கக்கூடாது பிள்ளை, தேச்ச கையோடை கழுவ வேணும்" என்றா. கழுவிய பிறகு வெயிலில் காய வைக்கவும் விடவில்லை, உடனே பழைய வேட்டித் துண்டால் துடைத்தா. எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. தானாகக் காயவிட்டால் ஒவ்வொரு துளியும் வெள்ளைப் பொட்டாக நிற்கும். கடைசியாக உலர்ந்த திருநீறு தொட்டு ஒரு தேய்ப்பு. எல்லாம் முடிந்து நிமிரும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டா. உள்ளே மகன், "அக்கா, சுவர் முழுக்கத் தாம்பாளம் மாட்டினால் எப்பிடி இருக்கும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். ஒன்றோடு நிறுத்தினேன்.

அன்றிலிருந்து நான் வைத்திருக்கிற அளவுகோல் எளிமையானது. எங்கள் வீடுகளில் பித்தளை பெரும்பாலும் தைப்பொங்கலுக்கு முன்னும் நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்னும்தான் வெளியே வரும். அந்த இரண்டு தடவை மினுக்கினால் சமாளிக்கக்கூடிய அளவுதான் ஓர் அறைக்குள் இருக்கவேண்டும். அதாவது இரண்டு, மிஞ்சினால் மூன்று சாமான்.

மற்றதெல்லாம் கை படுகிற இடத்தில் போகட்டும். லாச்சிக் குமிழ், கதவுத் தாழ்ப்பாள், கொண்டி, பேனை போடுகிற பேணி. நாள்தோறும் கை தொடுகிற பித்தளையை யாரும் மினுக்கத் தேவையில்லை. கையே தேய்த்துவிடும். கோயில் கதவுக் குமிழ்களைப் பாருங்கள், மேடு பளபளக்கும், பள்ளம் கறுத்திருக்கும். அந்த இரண்டு நிறமும் சேர்ந்துதான் எனக்குப் பிடித்த அலங்காரம், எந்தக் கடையும் அதை விற்காது. இடைக்கிடை மட்டும் தொடுவதுதான் கூடாது. வியர்வை உப்பு விரல் அடையாளத்தை அப்படியே பதித்துவிடும். அதனால் லாச்சிக்குப் பித்தளைக் குமிழ் என்றால், அடிக்கடி திறக்கிற மேல் லாச்சிக்குத்தான் முதலில் போடுவேன். ஆணியும் பித்தளையாக இருக்கவேண்டும். இரும்புத் திருகாணி போட்டால் உப்புக் காற்றில் இரண்டு உலோகமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும்.

சாமானைக் களஞ்சிய அறையில் இருந்து எடுக்கும்போது வயதானவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுப்பது நல்லது. சுன்னாகத்தில் ஒரு தம்பி தானாகவே தேடி எடுத்து, அகன்ற வாயும் ஒடுங்கிய இடுப்புமாக இருந்த ஒரு பித்தளைப் பாத்திரத்தில் மணிப்பிளான்ற் கொடி வைத்து, மீற்றிங்கில் எல்லோருக்கும் தெரிகிற மாதிரி பின்னால் வைத்திருந்தார். லண்டனில் இருந்து அவருடைய மனேஜர் 'அழகான பூச்சாடி' என்று பாராட்டினாராம். அம்மம்மா அறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுக் கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தா. "என்ன மோனை, உங்கடை அம்மப்பா வெத்திலை துப்பின படிக்கத்தைத் தூக்கி நடுவிலை வைச்சிருக்கிறாய்!" தம்பிக்கு முகம் போய்விட்டது. நான் படிக்கத்தை எடுக்க விடவில்லை. நன்றாகக் கழுவியாயிற்று, வடிவம் அருமையானது, லண்டன்காரருக்குத் தெரியவும் போவதில்லை. அம்மம்மாவும் சம்மதித்தா. அதற்குப் பிறகு அந்த அறைக்கு அவ வைத்த பெயரை இங்கே எழுத முடியாது.

குத்துவிளக்கு மட்டும் வேறு. அதை மேசை விளக்காக மாற்றித் தரச் சொல்லி ஒன்றிரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். செய்யமாட்டேன். எனக்குப் பெரிய ஆசாரம் ஒன்றும் இல்லை, ஆனால் செருப்போடு நடமாடுகிற அறையில், கறிப்பணிஸ் சாப்பிட்டுக்கொண்டு வேலை செய்கிற மேசையில் அது இருந்தால் அந்த வீட்டு மூத்தவர்கள் அந்த அறைக்குள் வரும்போதெல்லாம் முகம் சுளிப்பார்கள். ஓர் அறையை வடிவாக்கி, வீட்டில் சண்டையை உண்டாக்கிவிட்டுப் போக எனக்கு விருப்பமில்லை. கைவிளக்கு, தாம்பாளம், மூக்குப்பேணி இவற்றுக்கு அந்தச் சிக்கல் கிடையாது. மூக்குப்பேணி பேனைக்கு நல்ல பொருத்தம், மூக்குப் பக்கம் கத்தரிக்கோல் சாய்ந்து நிற்கும்.

வெளிச்சத்தைச் சரிசெய்யாமல் பித்தளை வைப்பதில் பயனில்லை. எங்கள் ஆட்களுக்கு மின்குமிழ் என்றால் 'டேலைற்', 6500 கெல்வின், பளீரென்ற நீல வெள்ளை. கெல்வின் என்பது வெளிச்சத்தின் நிறத்துக்கான அளவு, குறையக் குறைய மஞ்சளாகும். அதற்குக் கீழே பித்தளை பச்சை கலந்த நோயாளி நிறத்தில் தெரியும், செம்பு மண்ணாகிவிடும். 2700இல் இருந்து 3000 கெல்வின் வரைக்கும் உள்ள குமிழைப் போட்டால் அதே சாமான் உயிர் பெறும். வேலை செய்கிற மேசைக்கு மட்டும் 4000 கெல்வினில் தனி விளக்கு. குமிழை மாற்றச் செலவு மிகக் குறைவு, வித்தியாசம் மிக அதிகம். ஆனாலும் 'மஞ்சள் வெளிச்சத்தில் படிக்கக்கூடாது' என்று அப்பாக்கள் சண்டைக்கு வருவார்கள். இரண்டு சுவிச் வைத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடுவேன்.

கமரா இன்னொரு தொல்லை. மினுக்கிய தாம்பாளத்தைக் கதிரைக்கு நேர் பின்னால் மாட்டிய ஒருவர், கொழும்பு மீற்றிங்கில் திருவாசி வைத்த மூர்த்தி மாதிரிக் காட்சியளித்தார். தாம்பாளத்தில் ஜன்னல் வெளிச்சம் பட்டுத் தெறிக்க, கமரா தானாகவே வெளிச்சத்தைக் குறைத்து முகத்தைக் கறுப்பாக்கிவிட்டது. ஒரு பக்கமாக, தோளுக்கு மேலே, ஜன்னலுக்கு எதிராக இல்லாமல் மாட்டினால் சரி.

பருத்தித்துறையில் கடலுக்குக் கிட்ட ஒரு வீடு. கனடாக் கொம்பனி ஒன்றுக்கு இரவில் கணக்கு எழுதுகிற பிள்ளை. வழக்கமான கேள்வியைக் கேட்டேன். "நானேதான் மினுக்குவன் அக்கா. மீற்றிங்கிலை கமராவை நிப்பாட்டிப்போட்டுச் சும்மா கேட்டுக்கொண்டிருக்கேக்கை கைக்கு ஒரு வேலை வேணும்." இப்படி ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை. அவளுக்குக் கடல் காற்றையும் மறந்து, அலுமாரித் தட்டுகளின் ஓரத்துக்குச் செம்புத் தகடு அடித்துக் கொடுத்தேன். சில தட்டு மினுங்குது, சில தட்டு கறுத்துக் கிடக்குது; எந்த வாரம் மீற்றிங் நீண்டது என்று பார்த்தே சொல்லலாம்.

எல்லாவற்றையும் மினுக்கத்தான் வேண்டும் என்றும் இல்லை. வலிகாமத்தில் ஒரு வீட்டில், போரால் வலிகாமமே காலியான 1995 ஒக்டோபர் 30 இடப்பெயர்வுக்கு முன் கிணற்றுக்குள் போட்டுவிட்டுப் போன சாமான்களில் ஒரு செம்பு மட்டும் திரும்பக் கிடைத்திருந்தது. மேலே சுண்ணாம்புப் பொருக்கு, அதற்குக் கீழே பச்சை, ஒரு பக்கம் நெளிவு. பட்டறைக்காரர் நெளிவை எடுத்துத் தருவதாகச் சொன்னார். அந்த வீட்டு அம்மா நெளிவையும் எடுக்க விடவில்லை, பச்சையையும் மினுக்க விடவில்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. கறுத்த முதிரை மரத் தட்டில் அந்தப் பச்சை நன்றாகவே எடுபட்டது.

கடைசியாக மின்சாரம். பழைய பித்தளைச் சாமானைத் துளைத்து மேசை விளக்காக்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கம்பி வயரைப் போட்டு முடித்துவிடுகிறார்கள். பித்தளை மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். உள்ளே வயர் உரசிப் பிய்ந்தால் விளக்கின் உடம்பு முழுக்க 230 வோல்ற் ஏறும், அதைத் தொடுகிற கை உங்களுடையது. மூன்று கம்பி வயர், உடம்போடு இறுக்கிய ஏர்த் (மின்சாரத்தை நிலத்துக்குள் இறக்குகிற கம்பி), துளையில் ரப்பர் வளையம், பலகையில் மின் ஒழுகினால் தானாகவே வெட்டுகிற, வேலை செய்கிற ட்ரிப் சுவிச். பழைய வீடுகளில் ஏர்த் கம்பியே செத்துக் கிடக்கும், அதைப் புதிதாக இறக்கவேண்டி வரும். என்னோடு வருகிற வயரிங் அண்ணை சோதித்துப் பார்க்காமல் எந்த உலோக விளக்கையும் பிளக்கில் குத்த விடமாட்டார். போன கிழமை கொக்குவிலில் ஒரு வீட்டுக்காரர் பில்லைப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணை, விளக்குக்குச் செலவே இல்லை, ஏர்த்துக்கு இவ்வளவோ?" என்று கேட்டார். அண்ணை சோதனைப் பேனையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "விளக்கு உங்கடை அப்பம்மா தந்தது தம்பி. ஏர்த் அவ தரேல்லை" என்றார். அவர் பேரம் பேசாமல் காசைக் கொடுத்தார்.