‘ஓன்லி’ எதைச் சுட்டுகிறது?

மருந்துடன் வரும் தகவல் தாள்களைத் தமிழாக்கும் பணியில் சேர்ந்த புதிதில், கலைச்சொற்களுக்கு அகராதிகள் துணை நின்றன. ‘ஓன்லி’ (only) என்ற சிறு ஆங்கில வினையடைக்கு எந்த அகராதியும் போதவில்லை. இரண்டாவது மாத்திரையைப் பற்றிய ஓர் ஆங்கில வாக்கியத்தில் அச்சொல் வினையை ஒட்டி நின்றது. நான் அதை “இரண்டாவது மாத்திரையை மட்டும் வலி இருக்கும்போது உட்கொள்ளவும்” என்று எழுதினேன். மேற்பார்த்த மூத்த மொழிபெயர்ப்பாளர், “மட்டும் என்றது மாத்திரைக்கா, வலிக்கா?” என்று கேட்டார். வலி இல்லாதபோது அந்த மாத்திரை வேண்டாம் என்பதே மூலத்தின் கருத்து. என் வாக்கியமோ, வலி வந்தால் முதல் மாத்திரையை நிறுத்திவிட வேண்டும் என்று நோயாளியை எண்ண வைத்திருக்கும். “வலி இருக்கும்போது மட்டும்” என்று திருத்திய பிறகும் அன்று முழுவதும் மனம் ஆறவில்லை.

ஆங்கிலத்தில் இச்சொல் வினைக்கு முன்னால் நின்றுகொண்டு, தொலைவில் உள்ள வேறொரு சொல்லை வரையறுக்கக்கூடும். பேசும்போது குரலின் அழுத்தம் பொருளை உணர்த்திவிடும்; தாளில் அந்த அழுத்தம் இல்லை. பொருள் மயங்காத இடத்தில் இந்தப் பழகிய வரிசையைக் குறைகூற வேண்டியதில்லை என்று 1926இல் வெளியான தம் ஆங்கில வழக்கு நூலில் அகராதி ஆசிரியர் ஃபௌலர் வாதிட்டார். உரையாடலுக்கு அது சரி. மருந்துத் தாளுக்கு அந்தச் சலுகையைத் தர எனக்கு மனமில்லை.

தமிழில் ‘மட்டும்’, ‘தான்’, ஏகாரம் ஆகியவை தாம் வரையறுக்கும் சொல்லையே ஒட்டி நிற்பதால், மொழிபெயர்ப்பவர் முடிவெடுக்காமல் நழுவ முடியாது. தொல்காப்பியம் ஏகாரத்துக்குச் சொல்லும் ஐந்து பொருள்களில் தேற்றமும் (உறுதிப்படுத்துதல்) பிரிநிலையும் (பிறவற்றிலிருந்து பிரித்துக் காட்டுதல்) தனித்தனியே உள்ளன. ‘தான்’ இவ்விரண்டையும் சுமக்கிறது. ‘ஓன்லி’ சுமப்பது பிரிநிலையை. “இங்கேதான் இருக்கிறேன்” என்று உறுதி சொல்ல நினைக்கும் நம்மவர் ஆங்கிலத்திலும் ‘ஓன்லி’ சேர்ப்பது இதனால்தான் என்று கருதுகிறேன்.

பிறப்பை அறிந்தபோது சொல்லின் மீது மதிப்புக் கூடியது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ஒன்று. ‘லிச்’ என்ற ஈறு வடிவத்தையும் உடலையும் குறித்த சொல்லிலிருந்து வந்தது. ஆக, ‘ஒன்று போன்றது’ என்பதே மூலப்பொருள். வினையடைகளின் இறுதியில் இன்று நிற்கும் ‘லி’யும் அதே ஈற்றின் எச்சமே. ஒன்றைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் பின்னாளில் ‘வன்’ என்று ஒலி மாறிவிட்டது. ‘ஓன்லி’யும் ‘அலோன்’ என்பதும் பழைய ஓகார ஒலியைக் காத்துவைத்திருக்கின்றன. நம் ‘ஒரே’ என்பதும் ஒன்றிலிருந்து கிளைத்ததுதானே! காசோலையில் தொகையை எழுத்தால் எழுதியபின் இச்சொல்லைச் சேர்ப்பதும் அந்த ‘ஒன்றோடு நிற்றல்’தான்: அதற்கு மேல் எதையும் சேர்க்க இடமில்லை.

இப்போது வினையை ஒட்டி ‘ஓன்லி’ வந்தால், அதற்கு இயலும் இரண்டு பொருள்களையும் தனித்தனி வாக்கியமாக எழுதி, எது சரி என்று மூலத்தை எழுதியவரிடம் கேட்டு அனுப்புகிறேன். பதில் வரும் வரை அந்த வரியை நிரப்புவதில்லை.