ஆறு இலக்கம் மன்னார்குடியில் இருந்தது

சிங்கப்பூர் வந்த புதிதில் நான் பண்ணின கூத்துகளில் முதல் இடம் அந்த சிம் கார்டுக்குத்தான். சாங்கியில் இறங்கியதும் பாஸ்போர்ட்டைக் காட்டி இந்த ஊர் சிம் வாங்கி, காதில் கிடந்த தோட்டின் முனையாலேயே போனைத் திறந்து மாட்டிக்கொண்டேன். கழற்றின ஊர் சிம்மை போர்டிங் பாஸில் மடித்துக் கைப்பையில் வைத்தது வரைக்கும் ஞாபகம் இருக்கிறது. அடுத்த வாரம் பையைக் கொட்டி சுத்தம் செய்தபோது அந்தத் தாள் எங்கள் ஈசூன் வீட்டுக் குப்பைக் குழாய் வழியாகப் பதினோரு மாடி இறங்கிப் போய்விட்டது.

எட்டு மாசம் அதைத் தேடவே இல்லை. வாட்ஸப்பை இங்குள்ள எண்ணுக்கு மாற்றியாகிவிட்டது, கிளினிக்கிலும் சரி, அரசாங்க வேலையிலும் சரி, எல்லாவற்றுக்கும் சிங்பாஸ் என்கிற இந்த ஊர் அரசாங்க டிஜிட்டல் அடையாளம்தான். சில இடங்களில் முகத்தைக் காட்டினாலே நான்தான் என்று ஒத்துக்கொள்கிறது. வந்து ஒரு வருஷம்கூட ஆகாத என்னை இந்த ஊர் அடையாளம் கண்டுகொண்டதே என்று பெருமையாகக்கூட இருந்தது.

அப்புறம் ஒருநாள் அரிசி களைந்த தண்ணீரில் போன் விழுந்தது. தேக்காவில் ஒரு கடைக்காரர் திறந்து பார்த்துவிட்டு, இதில் ஒன்றும் மிச்சமில்லை அக்கா என்று மூடிக் கொடுத்துவிட்டார். புது போனில் படங்கள் வந்தன, பெயர்கள் வந்தன. நான் கோலப் படங்கள் போடுகிற இணையக் கணக்கு மட்டும் வரவில்லை. ஏழு மார்கழிக் கோலங்கள் அதில் இருக்கின்றன, எட்டாவது மார்கழி பிறக்க நாலு நாள்தான் பாக்கி. கடவுச்சொல் சரிதான், ஆனால் ஆறு இலக்கக் குறியீடு கேட்டது. அதைக் காட்டுகிற செயலி செத்துப்போன போனில் இருந்தது.

அந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது என்று அன்றைக்குத்தான் வீட்டுக்காரர் விளக்கினார். முதல்முறை கியூஆர் படத்தை ஸ்கேன் செய்யும்போது ஒரு ரகசியச் சாவி போனுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்தச் சாவியையும் கடிகார நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போட்டு 30 விநாடிக்கு ஒரு எண் தருகிறது. அதற்கு நெட்டும் வேண்டாம், சிம்மும் வேண்டாம். ஆனால் சாவியை வேறெங்கும் சேமிக்காமல் விட்டால் போனோடு அதுவும் போச்சு. நான் சேமிக்கவில்லை. கணக்கை அமைத்த அன்று கொடுத்த அவசரக் குறியீடுகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பத்திரமாக, அதே போனிலேயே வைத்திருந்தேன்!

மிச்சம் இருந்த ஒரே வழி எஸ்எம்எஸ். அது போவதோ ஊர் எண்ணுக்கு.

அவசரத்தில் ஒரு குழுவில் புலம்பிவிட்டேன். பத்து நிமிஷத்துக்குள் இரண்டு பேர் தனியாகச் செய்தி அனுப்பினார்கள், ஐம்பது வெள்ளி கொடுத்தால் கணக்கை மீட்டுத் தருகிறார்களாம். வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனைப் பிடுங்கி, 1799க்குக் கேட்டுப் பார், என்ன சொல்வார்கள் என்று தெரியும் என்றார். மோசடி சந்தேகம் வந்தால் இங்கே கூப்பிடுகிற எண் அது. நான் கூப்பிடவில்லை, இரண்டு பேரையும் தடை செய்துவிட்டேன்.

நல்லவேளை, அந்த ஊர் எண் சாகாமல் இருந்தது. கேஸ் சிலிண்டர் பதிவு அந்த எண்ணில்தான் என்பதால் அப்பா மாசம் தவறாமல் ரீசார்ஜ் செய்துகொண்டிருந்தார். எண்ணும் அவர் பெயரில்தான். ஆக, நான்தான் நான் என்று நிரூபிக்க மன்னார்குடியில் அப்பா பஸ் ஏற வேண்டியிருந்தது. மாற்று சிம்முக்குக் கைரேகை கேட்டார்கள். நாற்பது வருஷம் வயலில் தேய்ந்த விரல், மெஷினில் பதியவே இல்லை. ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்த்து, இடது மோதிர விரலில் ஒருவழியாகப் பச்சை விளக்கு எரிந்ததாம். சரி, முடிந்தது என்று பார்த்தால், சிம் மாற்றினால் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் வராது என்றார்கள். யாராவது திருட்டுத்தனமாக நம் எண்ணுக்கு சிம் வாங்கி ஓடிபியைச் சுருட்டிவிடக் கூடாது என்பதற்காக இந்தியாவில் வைத்திருக்கிற விதி. நல்ல விதிதான். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் இங்கே இரவு ஒன்பது, அங்கே ஆறரை. பொத்தானை அழுத்தினேன், வரவில்லை என்று பதறி இன்னொரு முறையும் அழுத்தினேன்.

"வந்துருக்கும்மா. ஆனா யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு போட்டுருக்கே?"

"அப்பா, நான்தான் கேக்குறேன்."

"குரலை வச்சு ஏமாத்துறாங்கன்னு டிவில சொன்னான். நம்ம கன்னுக்குட்டிக்கு நீ வச்ச பேரு என்ன?"

"செவலச்சி. சீக்கிரம்ப்பா!"

அதற்குப் பிறகு கண்ணாடி தேடினார். அப்புறம் முதலில் வந்த செய்தியை வாசித்தார், அது செல்லவில்லை. கடைசியாக வந்ததுதான் செல்லும் என்று புரியவைத்து, அதைத் திறந்து, இலக்கம் இலக்கமாகச் சொல்லச் சொல்ல நான் தட்டினேன். உள்ளே போய்விட்டேன்.

இப்போது செயலியை என் போனிலும் வீட்டுக்காரர் டேப்லட்டிலும் போட்டிருக்கிறேன். புது அவசரக் குறியீடுகளைக் கோல நோட்டின் கடைசிப் பக்கத்தில் பேனாவால் எழுதிவிட்டேன். இங்கே பெரிய வங்கிகளே, போனில் வங்கிச் செயலியே ஆளை உறுதிசெய்கிற டிஜிட்டல் டோக்கன் வைத்திருப்பவர்களுக்கு உள்நுழைய எஸ்எம்எஸ் ஓடிபி இனி கிடையாது என்று 2024 ஜூலையில் அறிவித்துவிட்டன, நீயும் கணக்கிலிருந்து அந்த ஊர் எண்ணை எடுத்துவிடு என்று வீட்டுக்காரர் சொல்லிக்கொண்டே இருக்கிறார். எடுக்கலாம்தான்.

போன வாரம் அப்பா கேட்டார்: "இனிமே அந்த நம்பருக்குக் காசு போடணுமாம்மா?"

"போடுங்கப்பா, கேஸ் புக் பண்ணணும்ல" என்றேன்.