ஃபோர்த் சீட்டுக்கு ஒரு கூடை

மும்பை லோக்கலில் லேடீஸ் டப்பாவில் யாருக்கும் பேர் கிடையாது, ஸ்டேஷன்தான். நான் தாணே. என் போனில் மற்ற மூவரும் 'கல்யாண்', 'டோம்பிவிலி அக்கா', 'முலுண்ட் குட்டி' என்றுதான் இருக்கிறார்கள். ஆறு வருஷமாக ஒரே ஸ்லோ வண்டி, ஒரே பெட்டி. நாங்கள் தமிழ் என்று தெரிந்ததே ஒரு மிதியில்தான். யாரோ காலை மிதித்துவிட்டுப் போக, அக்கா வாய்க்குள் "எருமை" என்றார். நான் சிரித்துவிட்டேன். கல்யாணும் சிரித்தாள். முலுண்ட் குட்டி அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது.

மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் நாலாவதாக ஓரத்தில் ஒண்டுவதற்குப் பேர் ஃபோர்த் சீட். பாதி உடம்பு பெஞ்சில், பாதி அந்தரத்தில். அதற்கே அடிதடி நடக்கும். ஆறு வருஷமாக, தாணேயில் நான் ஏறும்போது அக்கா ஒரு வார்த்தை பேசாமல் இரண்டு அங்குலம் நகர்வார். அந்த இரண்டு அங்குலத்துக்கு என்ன கொடுக்கிறது?

இந்த டிசம்பரில் கிறிஸ்மஸை ஒட்டி வந்த லீவில் இரண்டு நாள் பக்கத்து மலையூரான மாத்தேரான் போவது என்று முடிவானது. வீட்டுக்காரர்கள், பிள்ளைகள் யாரும் கிடையாது. பரிசு கொடுப்பதானால் கடையில் வாங்கக்கூடாது, கையால் செய்ததாக இருக்க வேண்டும் என்று கல்யாண் ஒரு சட்டம் போட்டாள். போன வருஷம் நாலு பேரும் நாலு பேருக்கும் ஒரே மாதிரி மெழுகுவர்த்தி வாங்கிக் கொடுத்துக்கொண்ட வெட்கம்தான் காரணம்.

அக்காவுக்கு ஒயர் கூடை பின்னுவது என்று அப்போதே நினைத்துவிட்டேன். நாகர்கோவிலில் எங்கள் தெருவில் கூடை பின்னத் தெரியாத பெண்பிள்ளை கிடையாது. நான் கடைசியாகப் பின்னியது பன்னிரண்டாம் வகுப்பு லீவில். இங்கே ஒயர் தேடி அலையவில்லை. அம்மையிடம் சொன்னேன், நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் வந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் மாம்பழ மஞ்சளிலும் கருநீலத்திலும் ஒயர் ரோல்களும், கூடவே கேட்காமலே இரண்டு கிலோ ஏத்தன்காய் வற்றலும் (நேந்திரங்காய் சிப்ஸ்) கொடுத்து அனுப்பினாள்.

சிவன் கண் பின்னல் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடிப்பாகம் வரைக்கும் கை தானாகப் போனது. ஒயரை வெட்டி, பாதியில் மடித்து, முடிச்சு முடிச்சாகக் கோத்துக்கொண்டு போகிற வேலைதானே. அடி முடிந்து பக்கவாட்டில் ஏற வேண்டிய இடத்தில், கண் திறக்க மறுத்தது. மஞ்சள் வர வேண்டிய இடத்தில் நீலம் வந்தது. அம்மையை வீடியோ காலில் கூப்பிட்டால், அவள் போனை நெற்றிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "வலத்தைத் தூக்கி இடத்துக்குள்ள விடு மக்கா" என்கிறாள். எந்த வலம்? அவள் வலமா, என் வலமா? மூன்று ராத்திரி பிரித்துப் பிரித்துப் பின்னியதில் வலது ஆள்காட்டி விரல் ஓரம் கீறித் தோல் உரிந்தது. ஒயரை இழுத்து இறுக்குகிற அந்த இடம்தான் எப்போதும் போகும். அம்மை விரலில் அங்கே ஒரு காய்ப்பு இருக்கும், சின்ன வயதில் அதைத் தடவிக்கொண்டே தூங்குவேன்.

கூடை ஒருவழியாக நிமிர்ந்தது. ஒரு பக்கம் கைப்பிடி அரை அங்குலம் உயரம். தூக்கினால் கொஞ்சம் சாய்ந்து நடக்கும். சரி, அக்காவும் ஒரு முழங்கால் வலியில் அப்படித்தான் நடக்கிறார் என்று விட்டுவிட்டேன்.

தின்பதற்கு முந்திரிக்கொத்து. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், இதில் முந்திரிப்பருப்பு ஒன்றுகூடக் கிடையாது. மூன்று உருண்டை ஒன்றாக ஒட்டிக்கொண்டு கொடிமுந்திரிக் குலை மாதிரி இருக்கும், அதனால் அந்தப் பேர் என்று ஆச்சி சொல்வாள். எங்கள் பக்கம் தீபாவளிக்கும் உண்டு, கிறிஸ்மஸுக்கும் உண்டு, கல்யாண வீட்டுக்கும் உண்டு.

அரைக் கிலோ சிறுபயறை வாசம் வர வறுத்து, திரித்து, தோலைப் புடைத்து எடுத்துவிட்டு மாவாக்க வேண்டும். ஒரு தேங்காயைத் துருவி ஈரம் போக வறுக்க வேண்டும். வறுத்த எள், ஏலக்காய், சுக்கு. அப்புறம் வெல்லப் பாகு. கம்பிப் பதத்தில் இறக்கி மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கிற சூட்டிலேயே உருட்டி ஒரு ராத்திரி ஆறவிட்டால் இறுகிக்கொள்ளும். மறுநாள் பச்சரிசி மாவில் மஞ்சள்தூளும் உப்பும் சேர்த்துத் தோசை மாவு மாதிரிக் கரைத்து, முக்கி, மூன்று மூன்றாக எண்ணெயில் விட வேண்டும்.

பாகு கம்பிப் பதத்துக்கு வந்த சமயம் ஆபீசிலிருந்து போன். இரண்டே நிமிஷம்தான். அந்த இரண்டு நிமிஷத்தில் தண்ணீர் இன்னும் கொஞ்சம் வற்றி, பாகு முற்றிவிட்டது. உருட்டும்போது ஒன்றும் தெரியவில்லை, நன்றாகத்தான் உருண்டது. காலையில் ஒன்றை எடுத்து மேடையில் தட்டினேன். மேடையில்தான் சத்தம் வந்தது, உருண்டைக்கு ஒன்றும் ஆகவில்லை. அம்மையிடம் சொன்னதற்கு, "பாகு முத்துனா கல்லுதான் மக்கா. அவளுக பல்லு நல்ல பல்லா?" என்று கேட்டாள். வேறு மாவும் இல்லை, நேரமும் இல்லை. முக்கிப் பொரித்து எடுத்தேன். பார்வைக்கு அப்படி ஒரு அழகு.

மலையடிவாரத்து நேரல் போவதற்குக் கர்ஜத் வண்டி. எங்களுக்கு வழக்கத்துக்கு எதிர்த் திசை. அதனால் அன்றைக்கு வரிசை தலைகீழாகிவிட்டது. முலுண்ட் குட்டி தாணேக்கே வந்துவிட்டாள், நாங்கள் இரண்டு பேரும் முதலில் ஏறி டோம்பிவிலிக்கு ஜன்னலோரம் சீட் பிடித்து வைத்தோம். ஏறிய அக்கா, காலியான ஜன்னல் சீட்டைப் பார்த்து ஒரு நிமிஷம் அப்படியே நின்றார். பிறகு உட்கார்ந்து, பழக்கத்தில் இரண்டு அங்குலம் நகர்ந்துகொண்டார்.

நேரலில் மலை ரயிலுக்கு டிக்கெட் கிடைக்கவில்லை. கல்யாணின் வீட்டுக்காரர் ரயில்வே. அதனால் நாட்டில் உள்ள எல்லாத் தண்டவாளமும் தன் வீட்டுச் சொத்து என்கிற மாதிரி அவள் பேசுவாள். 1907-இல் ஆதம்ஜி பீர்பாய் குடும்பம் போட்ட பாதை, இரண்டடி அகலத் தண்டவாளம், 21 கிலோமீட்டர், ஏறி முடிக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும், 2019 மழையில் அரித்துப்போய் 2022 அக்டோபரில்தான் முழுப் பாதையும் திரும்ப ஓடியது என்று டாக்ஸிக்கு நிற்கிற நேரத்தில் ஒப்பித்தாள். "இவ்வளவு தெரிஞ்சவ ஒரு டிக்கெட் வாங்க முடியல" என்றது குட்டி. ஷேர் டாக்ஸியில் தஸ்தூரி வரைக்கும் போனோம். அதற்கு மேல் ஊருக்குள் கார், பைக் எதுவும் கிடையாது. குதிரை உண்டு, இ-ரிக்‌ஷா ஓடுகிறது, இல்லையென்றால் கால். பக்கத்தில் அமன் லாட்ஜ் ஸ்டேஷனிலிருந்து மாத்தேரானுக்குக் குட்டி ரயில் விடுகிறார்கள். கல்யாணின் மானத்தைக் காப்பாற்ற அதில் ஏறினோம்.

செம்மண் என்றால் அப்படி ஒரு செம்மண். குட்டி வெள்ளைச் செருப்பு போட்டு வந்திருந்தாள். சாயங்காலத்துக்குள் அது வேறு செருப்பு.

ராத்திரி அறையில் பரிசுகளைப் பிரித்தோம். கல்யாண் மதுரைக்காரி. பழைய சுங்குடிப் புடவையை வெட்டி ரயில் பாஸ் வைக்கிற உறை தைத்திருந்தாள், உள்ளே சில்லறைக்கு ஒரு குட்டிப் பை. கிழிந்த புடவைதான், ஆனால் புள்ளிகள் மூடியின் நடுவில் வருகிற மாதிரிப் பார்த்து வெட்டியிருந்தாள். முலுண்ட் குட்டி கைக்குட்டையில் அவரவர் ஸ்டேஷனில் வண்டி வரும் நேரத்தை எம்ப்ராய்டரி போட்டிருந்தாள். என்னுடையதில் 8.31 என்பது 3.81 மாதிரி இருந்தது. அந்த நேரத்துக்கு வண்டி பிடித்தால் நான் என்றைக்குமே ஆபீஸ் போக வேண்டாம்.

அக்கா கொடுத்தது பாட்டிலில் நலங்கு மாவு. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வீட்டுத் தொட்டி ரோஜா இதழைக் காயவைத்துப் பொடித்தது. பாட்டில் ஹார்லிக்ஸ் பாட்டில். காலையில் எல்லோருக்கும் முன்னால் எழுந்த குட்டி, சத்துமாவு என்று நினைத்துச் சுடுபாலில் இரண்டு ஸ்பூன் போட்டுக் கலக்கி ஒரு வாய் குடித்துவிட்டாள். உள்ளுக்கும் நிறம் வரட்டும் என்று அக்கா சொன்னது அவளுக்குப் பிடிக்கவில்லை.

கூடையை வாங்கிக்கொண்ட அக்கா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அடியைத் திருப்பிப் பார்த்தார். சாய்ந்த கைப்பிடியைப் பார்த்தார். "இது என் அம்மா கையில இருந்தது" என்றார். இதே கூடை இல்லை, இந்த மாதிரி. அதில்தான் கும்பகோணத்துச் சந்தையிலிருந்து காய்கறி வரும் என்றார். பிறகு போர்வைக்குள் இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிட்டார்.

என் முந்திரிக்கொத்தைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலு பேரும் ஆளுக்கு ஒன்றை வாயில் வைத்துக்கொண்டு டிவி பார்த்தோம். ஒரு நிகழ்ச்சி முடிந்தது, வாயில் இருந்தது கரையவில்லை. கடைசியில் டீயில் முக்கி வைத்துத் தின்னலாம் என்று கண்டுபிடித்தது கல்யாண்தான். பத்து நிமிஷம் ஊறினால் மேல்மாவு கழன்று, உள்ளே பயறும் வெல்லமும் மெத்தென்று ஆகி, அந்த டீயே ஒரு பாயசம் மாதிரி ஆகிவிடுகிறது. நான் இப்போது வேண்டுமென்றே அப்படித்தான் குடிக்கிறேன்.

மறுநாள் சார்லட் ஏரிக்குப் போனோம். மீதி முந்திரிக்கொத்தை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, அக்காவின் புதுக் கூடையில் வைத்து, பிசார்நாத் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கல்திட்டில் உட்கார்ந்தோம். குரங்கு ஜாக்கிரதை என்று வழியெல்லாம் ஆளுக்கு ஆள் சொல்லித்தான் அனுப்பினார்கள். பைகளை மடியில் இறுக்கிக்கொண்டு ஏரியைப் பார்த்தோம். கூடையை மட்டும் அக்கா பக்கத்தில் வைத்திருந்தார், அது எல்லோர் கண்ணிலும் பட வேண்டும் என்று.

ஒரு பெரிய குரங்கு வந்தது. அவசரமே இல்லை, சொந்தக் கூடையை எடுக்க வந்த மாதிரி கைப்பிடியில் கை கொடுத்துத் தூக்கிக்கொண்டு நாவல் மரத்தில் ஏறிவிட்டது. டப்பா நழுவிக் கீழே விழுந்து திறந்துகொண்டது. குட்டிக் குரங்குகள் ஆளுக்கொன்று பொறுக்கின. ஒன்று கடித்துப் பார்த்தது. வாயிலிருந்து எடுத்துத் திருப்பிப் பார்த்தது, மறுபடி கடித்தது. பிறகு பாறையில் இரண்டு தட்டு தட்டியது. நான் சமையல் மேடையில் தட்டினேனே, அதே தட்டு. அப்புறம் என்னைப் பார்த்துவிட்டு அதைக் கீழே போட்டுவிட்டுப் போனது. இவர்கள் மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் ஒரு குதிரைக்காரர் நின்று பார்த்தார்.

பெரிய குரங்கு கூடைக்குள் தலையை விட்டுப் பார்த்தது. ஒன்றும் இல்லை என்றதும் அப்படியே ஒரு கிளையில் விட்டுவிட்டு அடுத்த மரத்துக்குத் தாவிவிட்டது. கைப்பிடி நன்றாக மாட்டிக்கொண்டது. குதிரைக்காரர் குச்சி வைத்து முயன்றார், எட்டவில்லை. பச்சை இலைக்கு நடுவில் மஞ்சளும் நீலமுமாக, கொஞ்சம் சாய்ந்து தொங்கியது. ஏறுகிறேன் என்ற குட்டியை அக்கா கையைப் பிடித்து உட்காரவைத்தார். திரும்பும்போது வளைவு வரைக்கும் அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

லீவு முடிந்து ஏறிய முதல் நாள், அக்கா நகர்ந்து இடம் கொடுத்துவிட்டு, "அந்த மஞ்சள் ஒயர் மீதி இருக்கா?" என்று மட்டும் கேட்டார். மஞ்சள் முக்கால் ரோல் இருக்கிறது. நீலம் தீர்ந்துவிட்டது. அம்மை சிவப்புதான் இருக்கிறது என்கிறாள்.