தீம் எஞ்சினும் திடீரென மூடிக்கொள்ளும் செயலிகளும்

‘செயலி தானாக மூடிக்கொள்கிறது’ என்று வரும் புகாரில் தீம் என்ற சொல் அநேகமாக இருக்காது. லினக்ஸ் டெஸ்க்டாப்பின் தோற்றத்தை, அதாவது தீமை, மாற்றியதை யாரும் ஒரு மாற்றமாகக் கணக்கில் வைப்பதில்லை. ‘சமீபத்தில் ஏதாவது மாற்றினீர்களா?’ என்று கேட்டால் ‘ஒன்றும் இல்லையே’ என்பார்கள். ‘பட்டன், ஸ்க்ரோல்பார் எல்லாம் முன்பு இருந்த மாதிரியேதான் இருக்கிறதா?’ என்று கேட்டால்தான் விஷயம் வெளியே வரும். சில நேரம் பயனர் கையே வைத்திருக்க மாட்டார். பேக்கேஜ் அப்டேட்டில் எஞ்சின் (தீமுக்காகப் பட்டன் போன்றவற்றை வரைந்து கொடுக்கும் நிரல்) மட்டும் புதிய பதிப்புக்குப் போயிருக்கும்.

தீம் மேல் சந்தேகம் வர வேண்டிய அடையாளங்கள் சில உண்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு மூன்று செயலிகள் ஒரே மாதிரிச் செய்கையில் விழும்: மெனுவைத் திறக்கும்போது, டேப் மாற்றும்போது, பட்டன் மேல் மவுஸ் போகும்போது. அதே கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கு உருவாக்கி ஓட்டினால் விழாது. ரூட்டாக, அதாவது நிர்வாகிக் கணக்கில், ஓட்டினாலும் விழாது. இந்தக் கடைசி அடையாளம் பலரை அனுமதிச் சிக்கல் என்ற தப்பான தடத்தில் இழுத்துவிடும். ரூட் கணக்குக்குத் தனி ஹோம் கோப்பகம், தனி அமைப்புகள். அங்கே பெரும்பாலும் இயல்பான தீம்தான் இருக்கும். ‘ரூட்டில் ஓடுகிறதே’ என்று கோப்பு அனுமதிகளைத் திறந்துவிடுவதற்கு முன் தீமை ஒரு முறை மாற்றிப் பார்ப்பது நல்லது. அனுமதிகளைத் திறந்துவிட்டால் அதைத் திரும்பச் சரிசெய்வது தனி வேலை.

ஒரு தீம் எப்படிச் செயலியையே கவிழ்க்கும்? ஜிடிகே என்பது செயலிகளுக்குச் சாளரம், பட்டன், மெனு எல்லாம் உருவாக்கித் தரும் நூலகம். ஜிடிகே 2 காலத்துத் தீம் வெறும் நிறப்பட்டியல் கிடையாது. ஜிடிகே-ஆர்சி என்ற தீம் அமைப்புக் கோப்பில் ‘எஞ்சின்’ என்று ஒரு பெயர் இருந்தால், அந்தப் பெயருள்ள ஷேர்டு லைப்ரரியை (பல செயலிகள் பகிர்ந்துகொள்ளும் நிரல் கோப்பை) ஜிடிகே தேடி எடுத்துச் செயலியின் ப்ராசஸுக்குள்ளேயே ஏற்றிவிடும். முர்ரின், க்ளியர்லுக்ஸ், பிக்ஸ்மேப், ஆக்சிஜன்-ஜிடிகே எல்லாம் இந்த வகைதான். பட்டன் வரைய வேண்டும் என்றால் ஜிடிகே அந்த லைப்ரரியில் உள்ள ஃபங்ஷனை நேரடியாக அழைக்கும். இரண்டுக்கும் நடுவில் பாதுகாப்புச் சுவர் எதுவும் இல்லை. எஞ்சின் ஒரு தப்பான முகவரியைத் தொட்டால் விழுவது செயலிதான். பயனர் கண்ணில் படுவதும் செயலியின் பெயர்தான்.

ஜிடிகே 3 வெளிவந்த 2011-இல் இந்த ஏற்பாடு வேறு வடிவத்தில் தொடர்ந்தது. 3.14 பதிப்பில் எஞ்சின் முறையைக் கைவிட்டு, தோற்றம் முழுவதையும் சிஎஸ்எஸ் என்ற தோற்ற விவரிப்பு மொழிக்கு மாற்றினார்கள். அதனால் புதிய செயலிகளில் இந்த வகை விபத்து குறைவு. ஆனால் ஜிடிகே 2-ஐ நம்பியிருக்கும் பழைய அலுவலகச் செயலிகள், ஜாவாவில் எழுதிய கருவிகள், ஸ்டைல் ப்ளக்கின் ஏற்றும் கியூடி (ஜிடிகே போன்ற இன்னொரு நூலகம்) செயலிகள் ஆகியவற்றில் இன்றும் அதே கதைதான்.

சோதனையின் முதல் படி தீமை மாற்றுவது. ஜிடிகே 2-க்கு ராலே தீம் பொருத்தமானது. அது ஜிடிகேக்குள்ளேயே இருப்பது, வெளி எஞ்சின் எதையும் கேட்காது. ஜிடிகே 3 செயலியை, ஜிடிகே-தீம் என்ற சூழல் மாறியில் (செயலி தொடங்கும்போது படிக்கும் அமைப்பு மதிப்பில்) அத்வைதா என்று கொடுத்துத் தொடங்கலாம். கியூடி செயலிக்குக் கட்டளை வரியில் ஸ்டைல் விருப்பத்தில் ஃப்யூஷன் என்று கொடுத்தால் போதும்.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. ஜிடிகே 2-இல் ஒரு செயலிக்கு மட்டும் தீம் மாற்ற, ஆர்சி கோப்புகளின் பட்டியலைச் சூழல் மாறி வழியாகக் கொடுப்பது வழக்கம். டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸ் சேவை அனுப்பும் தீம் பெயரை இது எப்போதும் வெல்வதில்லை. தோற்றம் பாதி மாறியிருக்கும். பழைய எஞ்சினும் உள்ளே ஏறியிருக்கும். எஞ்சின் ஏறுவது ஆர்சி கோப்பைப் படிக்கும் நேரத்தில். அதை வைத்து ஏதாவது வரைந்தார்களா என்பது வேறு கேள்வி. அதனால் கண்ணால் பார்த்து ‘தீம் மாறிவிட்டது’ என்று முடிவு கட்டக் கூடாது. செயலி ஓடும்போது ப்ராக் கோப்பகத்தில் அதன் ப்ராசஸ் எண்ணுக்குக் கீழே, ஏறியிருக்கும் லைப்ரரிகளைக் காட்டும் மேப்ஸ் என்ற கோப்பு இருக்கும். அதில் எஞ்சினின் லைப்ரரிப் பெயரைத் தேடுங்கள். இருந்தால் சோதனை இன்னும் நடக்கவே இல்லை என்று பொருள். டெஸ்க்டாப்பின் தீமையே மாற்றிவிட்டு மறுபடி பாருங்கள். அப்போதும் பிடிவாதமாக ஏறினால், எஞ்சின் கோப்பைத் தற்காலிகமாக வேறு கோப்பகத்துக்கு நகர்த்தலாம். ஜிடிகே ‘எஞ்சினைக் கண்டுபிடிக்க முடியவில்லை’ என்று டெர்மினலில் ஒரு எச்சரிக்கை எழுதிவிட்டுச் சாதாரணத் தோற்றத்தில் ஓடும். அந்த எச்சரிக்கையால் கெடுதல் ஒன்றும் இல்லை.

செயலியை எப்போதும் டெர்மினலிலிருந்தே ஓட்டிப் பாருங்கள், விழுந்ததும் வெளியேறும் எண்ணையும் பாருங்கள். 139 என்றால் சிக்னல் 11, நினைவகத்தில் தொடக் கூடாத இடத்தைத் தொட்டது. 134 என்றால் சிக்னல் 6, ஏதோ ஒரு அசெர்ஷன் (நிரலுக்குள் எழுதிய சரிபார்ப்பு) பொய்த்துப் போய்ச் செயலி தன்னையே நிறுத்திக்கொண்டது. 133 என்றால் சிக்னல் 5. ஜிடிகேயின் அடித்தள நூலகமான ஜீலிப், செயலியை நிறுத்தும் பிழைச் செய்தியை எழுதிவிட்டு நின்றிருக்கிறது. பின்னிரண்டிலும் காரணம் டெர்மினலின் கடைசி வரியிலேயே எழுதியிருக்கும். பேக்ட்ரேஸ் (விழுந்த கணத்தில் எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற பட்டியல்) எடுக்கும் அவசரத்தில் அந்த வரியைப் படிக்காமல் விடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

139-க்குத்தான் பேக்ட்ரேஸ் தேவை. சிஸ்டம்டி உள்ள கணினியில் கோர்டம்ப்-சிடிஎல் கட்டளை விழுந்தவற்றைப் பட்டியலிடும், அங்கிருந்தே ஜிடிபி என்ற பிழை தேடும் கருவியைத் திறக்கலாம். எஞ்சின், ஜிடிகே, செயலி மூன்றுக்கும் டீபக் குறியீடுகள் (முகவரிகளை ஃபங்ஷன் பெயர்களாகக் காட்டும் தகவல்) வேண்டும். இல்லாவிட்டால் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும்.

இப்படி ஒரு பேக்ட்ரேஸை அருகில் வைத்துப் பார்க்கலாம். மேலே முதல் ஃப்ரேமில், அதாவது பட்டியலின் முதல் வரியில், சி நூலகத்தின் ஸ்டிரிங் ஒப்பிடும் ஃபங்ஷன். இரண்டாவதில் எஞ்சினின் பெட்டி வரையும் ஃபங்ஷன். மூன்றாவதில் ஜிடிகேயின் பெயிண்ட்-பாக்ஸ். நான்காவதில் செயலியின் சொந்த நிரல். முதல் வரியைப் பார்த்துவிட்டு ‘சி நூலகத்தில் பிழை’ என்று எழுதி அனுப்புபவர்கள் இருக்கிறார்கள். இரண்டாவது ஃப்ரேமில் வந்த மதிப்புகளைப் பாருங்கள். பெட்டி வரையும் ஃபங்ஷனுக்கு ‘டீடெயில்’ என்று ஒரு ஸ்டிரிங் வரும்: இது பட்டனா, மெனுவா, ட்ரஃபா என்று சொல்லும் குறிப்பு. ஜிடிகேயின் ஒப்பந்தப்படி அது வெறுமையாகவும் வரலாம். எஞ்சின் எழுதியவர் அதைச் சோதிக்காமல் ‘பட்டன்’ என்ற சொல்லோடு ஒப்பிட்டிருந்தால், எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டர் ஸ்டிரிங் ஒப்பீட்டுக்குள் போகும்; அங்கேயே கதை முடிந்துவிடும்.

எந்த விட்ஜெட்டுக்கு (பட்டன், மெனு போன்ற திரை உறுப்புக்கு) வரைவது என்று சொல்லும் பாயிண்டரும் அப்படித்தான். அதுவும் வெறுமையாக வரலாம். எஞ்சின் அதன் பேரண்ட்டைத் தேடி மேலே போனால் விழும். அகலம், உயரம் இரண்டும் -1 என்று வந்தால் ‘சாளரத்தின் முழு அளவையும் எடுத்துக்கொள்’ என்று பொருள். அதை முதலில் உண்மையான அளவாக மாற்றாத எஞ்சின், எதிர்மறை அகலத்தில் கெய்ரோ என்ற வரைகலை நூலகத்தின் பரப்பு ஒன்று உருவாக்கப் பார்க்கும்.

சாதாரண ஜிடிகே செயலிகளில் இவை அபூர்வம். ஜிடிகேயை வெறும் தூரிகையாகப் பயன்படுத்தும் செயலிகளில்தான் அடிக்கடி வரும். ஜிடிகே 2 காலத்து ஃபயர்ஃபாக்ஸ் தன் பட்டன்களை ஜிடிகே விட்ஜெட்டாக வைத்துக்கொள்ளவில்லை. மறைவில் ஒரு விட்ஜெட்டை உருவாக்கி, அதன் தோற்றத்தை மட்டும் ‘வரைந்து கொடு’ என்று கேட்டது. ஜாவாவின் இடைமுக நூலகமான ஸ்விங்கில் ஜிடிகே தோற்றமும் இதே போலத்தான். எஞ்சின் எழுதியவர்கள் எதிர்பார்க்காத விட்ஜெட்கள், எதிர்பார்க்காத அளவுகள் எல்லாம் இங்கிருந்தே வரும். ஆக்சிஜன்-ஜிடிகேயின் நிரலில் மோசில்லாவா, ஜாவாவா, ஓபன் ஆபீஸா என்று செயலியை அடையாளம் பார்க்கும் பகுதியே தனியாக உண்டு. அழகான வழி என்று சொல்ல முடியாது. ஆனால் அதைப் படித்தால் எந்தச் செயலிகளில் எஞ்சின்கள் தடுமாறும் என்பது ஒரே பார்வையில் தெரிந்துவிடும்.

எஞ்சினின் பெயர் பேக்ட்ரேஸில் இருப்பதாலேயே அதன்மேல் பழி போட்டுவிட முடியாது. செயலி வேறொரு இடத்தில் ஹீப்பை (ஓடும்போது கேட்டுப் பெறும் நினைவகத்தை) கெடுத்து வைத்திருக்கலாம். திரை வரையும்போது நினைவகத்தை ஓயாமல் கேட்பதும் விடுவதும் எஞ்சின் என்பதால், கெட்ட இடத்தில் முதலில் கால் வைப்பதும் அதுவாக இருக்கும். தீம் மாற்றியதும் செயலி விழாமல் ஓடுவதை மட்டும் நம்பினால் இங்கே ஏமாறுவோம். தவறு அப்படியே இருக்கும், விழும் இடம் மட்டும் தள்ளிப்போகும். எனவே இரண்டு பக்கமும் சோதிக்க வேண்டும்: அதே செயலியை வேறு எஞ்சினோடு, அதே எஞ்சினை வேறு செயலிகளோடு. ஒவ்வொரு முறையும் ஒரே ஃப்ரேமில் விழுந்தால் எஞ்சின் மேல் சந்தேகம் வலுக்கும். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் விழுந்தால் ஹீப் கெட்டிருக்கிறது, வால்க்ரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவியில் ஓட்டுங்கள். பழைய ஜீலிப்பாக இருந்தால் ஜி-ஸ்லைஸ் சூழல் மாறியை ஆல்வேஸ்-மெல்லாக் என்று வைக்காமல் ஓட்டினால் வால்க்ரைண்ட் பல தவறுகளைப் பார்க்காமலே விட்டுவிடும். வரையும் ஃப்ரேம்கள் முதன்மை அல்லாத த்ரெட்டில் இருந்தால் சந்தேகம் செயலியின் பக்கம் திரும்பும்: ஜிடிகேயைப் பின்னணி த்ரெட்டிலிருந்து அழைப்பது பெரும்பாலும் செயலியின் தவறு.

தீமை மாற்றும் அந்தக் கணத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும் செயலிகள் விழுவது தனி ரகம். பழைய எஞ்சின் நினைவகத்திலிருந்து இறங்கிவிட்டது, ஆனால் ஜிடிகேயின் நிகழ்வுச் சிக்னல்களுக்கு (மேலே சொன்ன எண்ணிட்ட சிக்னல்கள் அல்ல) அது கோத்து வைத்த ஹேண்ட்லர்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அடுத்த சிக்னல் வந்ததும் இல்லாத நிரலுக்குத் தாவும். மேல் ஃப்ரேம்களில் டீபக் குறியீடுகள் இருந்தும் வெறும் முகவரி மட்டும் தெரிந்தால் இதை நினைக்கலாம்.

திரையில் சாளரங்களைக் காட்டும் எக்ஸ் சர்வரின் பிழைகள் வேறு வகை. ‘பேட்மேட்ச்’, ‘பேட்ட்ராயபிள்’ என்று செய்தி வரும். எக்ஸ் கோரிக்கைகள் சேர்த்து அனுப்பப்படுவதால், பிழை வந்து சேரும்போது செயலி வேறு வேலையில் இருக்கும். அந்த நேரத்து பேக்ட்ரேஸுக்கு மதிப்பில்லை. சிங்க் விருப்பத்தோடு தொடங்கி, ஜிடிகேயின் எக்ஸ்-எரர் ஃபங்ஷனில் பிரேக்பாயிண்ட் வைத்தால்தான் உண்மையான இடம் தெரியும்.

ஜாவா செயலி என்றால் பெரும்பாலும் ஜிடிபியே வேண்டாம். அது விழும்போது ஓடிய கோப்பகத்தில் எச்எஸ்-எர்ர் என்று தொடங்கும் லாக் கோப்பை விட்டுச் செல்லும். அதில் சிக்கலான ஃப்ரேம் என்ற வரியில் எஞ்சினின் லைப்ரரிப் பெயர் நேராகவே இருக்கும். ஜாவாவின் சொந்தத் தோற்றமான மெட்டலுக்கு மாற்றி ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

134-இல் அடிக்கடி காணும் ஒன்று: ‘இமேஜ்-மிஸ்ஸிங்’ படத்தை ஏற்ற முடியவில்லை, கோப்பு வடிவம் தெரியவில்லை என்று சொல்லி ஜிடிகே 3 செயலி நின்றுபோகும். ஐகான் தீமைக் குறை சொல்லத் தோன்றும். உண்மையில் படங்களை ஏற்றும் நூலகமான ஜிடிகே-பிக்ஸ்பஃபின் லோடர் பட்டியல் காலியாகவோ பழசாகவோ இருக்கிறது. பிக்ஸ்பஃப் க்வெரி-லோடர்ஸ் கட்டளையை அப்டேட்-கேஷ் விருப்பத்தோடு ஓட்டினால் தீரும். 133-இல் ‘ஜிடிகே 2 குறியீடுகள் காணப்பட்டன’ என்று வந்தால், ஒரே ப்ராசஸில் ஜிடிகே 2-உம் 3-உம் ஏறியிருக்கின்றன. ஏதோ ஒரு ப்ளக்கின்தான் இரண்டாவதைக் கூட்டி வந்திருக்கும். மேப்ஸ் கோப்பில் யார் என்று தெரியும்.

திருத்தம் வரும்வரை அந்தச் செயலிக்கு மட்டும் தீமை மாற்றிக் கொடுக்கலாம். செயலியை மெனுவிலிருந்து தொடங்க உதவும் டெஸ்க்டாப் கோப்பைப் பயனரின் லோக்கல்-ஷேர்-அப்ளிகேஷன்ஸ் கோப்பகத்துக்கு நகலெடுத்து, எக்ஸெக் வரியில் என்வ் கட்டளையோடு சூழல் மாறியைச் சேருங்கள். சிஸ்டத்தின் மூலக் கோப்பிலேயே எழுதினால் அடுத்த அப்டேட்டில் அழிந்துவிடும்.

பிழை அறிக்கையை எஞ்சினைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பும்போது எஞ்சின், ஜிடிகே, செயலி மூன்றின் பதிப்பு எண்கள், தீமின் பெயர், குறியீடுகளோடு முழு பேக்ட்ரேஸ், ராலேயில் விழவில்லை என்ற தகவல், எந்தச் செய்கையில் விழுந்தது என்பது எல்லாம் இருக்கட்டும். தீமின் ஆர்சி கோப்பையும் இணைத்து அனுப்புங்கள். ஒரே எஞ்சின் ஒரு தீமில் ஒழுங்காக ஓடி, வளைவின் ஆரம் மட்டும் மாறிய இன்னொரு தீமில் விழலாம்.